அம்மாவுக்கு மார்புப் புத்துநோய் எலும்புல பரவினது வைட்டமின் டி குறைஞ்சதாலயா? வெயில்ல விடாம வச்சது என் தப்பா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

அம்மாவுக்கு 61 வயசு. 2020-ல இடது மார்புல கட்டி. ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் முடிஞ்சு லெட்ரோசோல் மாத்திரை தினம் ஒண்ணு போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருந்தாங்க. இந்தத் தை கழிஞ்சதுலேருந்து இடுப்பு வலின்னு சொன்னாங்க. வாயுப்பிடிப்புன்னு நெனச்சு நான் தைலம் தேய்ச்சு, வெந்நீர் ஒத்தடம் குடுத்தேன். ஒரு மாசம் அப்படியே போச்சு. ராத்திரி படுத்தா வலி கூடுது, எழுந்து திண்ணையில உக்காந்துக்கறாங்கன்னு தெரிஞ்சப்பதான் கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரே, அப்புறம் திருச்சியில எலும்பு ஸ்கேன். முதுகுத்தண்டுல இடுப்புப் பக்கம் மூணாவது எலும்புலயும், வலது இடுப்பெலும்புலயும் பரவியிருக்குன்னாங்க.

அதோட எடுத்த ரத்தப் பரிசோதனையில வைட்டமின் டி 9.4. இருபதாவது இருக்கணுமாம். டாக்டர் 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒண்ணு எழுதிக் குடுத்தாரு, கால்சியம் மாத்திரையும் தினம் போடச் சொன்னாரு. "எலும்புக்கு ஒரு டிரிப் போடணும், ஆனா டி ஏறின பிறகுதான் போடுவேன்"னு சொல்லிட்டாரு. பல் டாக்டரப் பாத்துட்டு வரவும் சொன்னாரு. இடுப்பு வலிக்கு வந்தவங்கள எதுக்குப் பல் டாக்டர்கிட்ட அனுப்பறாங்கன்னு எனக்குப் புரியல. பின்னாடி நாப்பது பேர் நிக்கிறாங்க, கேக்க வாய் வரல.

இப்ப என் மனசுல இருக்கறத சொல்லிடறேன். அம்மா முப்பது வருஷம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவங்க. அப்பாவோட பழைய முழுக்கைச் சட்டைய மேல போட்டுக்கிட்டு, தலையில துண்டக் கட்டிக்கிட்டு, குறுவைக்கு ஆனி வெயில்லயும் சேத்துல நின்னவங்க. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பறப்ப, அந்தக் கையில வெட்டு, முள்ளு எதுவும் படக்கூடாது, பட்டா கை வீங்கிடும்னு சொல்லி அனுப்பினாங்க. அதப் பிடிச்சுக்கிட்டு நான்தான் வயல் பக்கமே விடல. வாசல்ல கோலம் போடறதக்கூட என் வீட்டுக்காரி பாத்துக்கறா. நாலு வருஷமா அம்மா கூடத்துல ஃபேனுக்குக் கீழதான். தஞ்சாவூர்லேருந்து வந்த அக்கா ரிப்போர்ட்டப் பாத்துட்டு, "வெயில்ல நின்ன உடம்ப நீ கூண்டுல அடைச்சு வச்ச, அதான் எலும்புல ஏறிடுச்சு"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போயிட்டா. அன்னியிலேருந்து சரியாத் தூக்கமில்ல.

டி குறைஞ்சதாலதான் எலும்புக்குப் போச்சா? முப்பது வருஷம் வெயில்ல நின்னவங்களுக்கு எப்படி 9.4 வரும்? சீக்கிரம் ஏறட்டும்னு எங்க சித்தப்பா பாக்கெட்ட தினம் ஒண்ணு குடுக்கச் சொல்றாரு. குடுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மருந்துக்கடை மயிலாடுதுறை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே சொல்லிடறேன். தினம் ஒண்ணு குடுக்காதீங்க. கண்டிப்பா குடுக்காதீங்க.

இருபது வருஷமா கவுண்ட்டர்ல நிக்கிறேன். வாரம் ஒண்ணுன்னு சீட்டுல இருக்கறத தினம் ஒண்ணுன்னு நெனச்சு, எட்டு வாரத்துக்கு வாங்கினத எட்டே நாள்ல முடிச்சுட்டு மறுபடி வாங்க வந்தவங்க உண்டு. எங்க சொந்தத்துலயே ஒரு பெரியம்மா ரெண்டு மாசம் தினமும் கலக்கிக் குடிச்சுட்டாங்க. வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல். கடைசியில ஆளையே அடையாளம் தெரியல. ரத்தத்துல கால்சியம் எகிறி, கிட்னி கெட்டு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. டாக்டர் கண்காணிப்பு இல்லாம பெரியவங்க நாள் கணக்குல எடுத்துக்கற டி 4,000 யூனிட்டத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு வச்சிருக்காங்க. நீங்க குடுக்கலாமான்னு கேக்கறது ஒரு நாளைக்கு 60,000. வாரம் ஒண்ணுங்கறதே பற்றாக்குறைய நிரப்பறதுக்காக டாக்டர் கணக்குப் பண்ணிக் குடுக்கற பெரிய அளவுதான். இது வைட்டமின் சி மாதிரி கூடுதலானது மூத்திரத்துல போற சங்கதி இல்ல. கொழுப்புல தங்கும்.

ஞாயித்துக்கிழமைன்னு ஒரு கிழமைய வச்சுக்குங்க. நாள்காட்டித் தாள் கிழிக்கறப்பவே ஞாபகம் வந்துடும். மத்தியானம் சாப்பிட்ட கையோட பால்ல கலக்கிக் குடுங்க, கொழுப்போட சேந்தாத்தான் நல்லா உள்ள இழுக்கும். கால்சியம் மாத்திரையும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். சத்து மாத்திரைன்னு இரும்புச்சத்து போடறாங்கன்னா ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடுங்க. சித்தப்பாகிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.


குடவாசல் அக்கா எழுதியது:

தம்பி, உங்க பதிவ நேத்து ராத்திரி படிச்சேன். உடனே எழுத உக்காந்தேன், முடியல. அதான் இன்னிக்கு.

நான் அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்து விருப்ப ஓய்வு வாங்கினவ. எனக்கே 2013-ல மார்புல வந்துச்சு. 2018-ல எலும்புல. உங்க அம்மாவுக்கு எங்கயோ அதே இடம்தான், இடுப்பும் முதுகும். இன்னிக்குக் காலையில வென்னீர் வச்சு, இட்லி ஊத்தி, பேத்திய வேன் ஏத்திட்டு வந்து இத எழுதறேன். இத முதல்ல சொல்றதுக்குக் காரணம், எலும்புல பரவிடுச்சுன்னா நாளெண்ண ஆரம்பிச்சிடறாங்க நம்ம ஊர்ல. முழுசா குணமாக்க முடியாதுங்கறது உண்மை. வருஷக்கணக்கா மருந்தோட இருக்கறவங்க நெறைய பேர் இருக்கறதும் உண்மை.

உங்க அக்கா சொன்னதுக்கு வர்றேன். புத்து செல்லு மார்புலேருந்து கிளம்பி ரத்தத்துல போறத வெயில் தடுத்திருக்கும்னு யாரும் சொல்ல முடியாது. ஆபரேஷனுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரியாம கிளம்பிப் போயி, எலும்பு மஜ்ஜையில வருஷக்கணக்கா தூங்கிட்டு இருந்து பிறகு முழிக்கிற செல்லும் உண்டு. எனக்கு நடுவுல அஞ்சு வருஷம். அந்த அஞ்சு வருஷமும் நான் வார்டுக்கும் வீட்டுக்கும் வெயில்லதான் நடந்தேன். நீங்க அம்மாவ வயலுக்கு அனுப்பாம இருந்தது, கை வீங்கக் கூடாதேன்னு. அது சரியான காரணம்தான். அந்தக் கையில வெட்டுப்பட்டு சேத்துக் கிருமி ஏறி, கை தூணாட்டம் வீங்கி வந்தவங்கள நான் வார்டுல பாத்திருக்கேன்.

அப்ப டி-க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு. அது எங்கேங்கறதுதான் விஷயம்.

1889-ல லண்டன்ல ஸ்டீபன் பேஜட்னு ஒரு சர்ஜன், மார்புப் புத்துல செத்துப்போன 735 பொம்பளைங்களோட குறிப்ப எடுத்துப் பாத்தாரு. ரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகுது. மண்ணீரலுக்குப் போற ரத்தம் ஒண்ணும் கொஞ்சமில்ல. ஆனா அங்க அபூர்வமாத்தான் பரவியிருக்கு, ஈரலுக்கும் எலும்புக்கும் நெறையப் பரவியிருக்கு. விதை எல்லாப் பக்கமும் போகும், தோதான மண்ணுலதான் முளைக்கும்னு எழுதி வச்சாரு. நமக்கு இத யாரும் வெளக்க வேண்டியதில்ல. தெளிக்கறப்ப நெல்லு வரப்புலயும்தான் விழுது, எது பயிராகுதுன்னு நமக்குத் தெரியாதா?

எலும்பு கல்லு மாதிரி கிடக்கற பொருள் இல்ல தம்பி. தினமும் ஒரு வகை செல்லு அதக் கரைக்கும், இன்னொரு வகை கட்டும். கரையறப்ப, எலும்புக்குள்ள பூட்டி வச்சிருக்கற வளர்ச்சிச் சத்தெல்லாம் வெளிய வரும். அங்க வந்து உக்காந்த புத்து செல்லுக்கு அது உரம். உரம் தின்னு வளந்த செல்லு, இன்னும் கரை இன்னும் கரைன்னு கரைக்கிற செல்லத் தூண்டிவிடும். இப்படியே சுத்திச் சுத்தி வரும். இதுல டி எங்க வருதுன்னா, டி கொறஞ்சா குடல் கால்சியத்த இழுக்காது. ரத்தத்துல கால்சியம் கொறையக் கூடாதுன்னு கழுத்துல இருக்கற பாராதைராய்டு சுரப்பி எலும்பக் கரைச்சு எடுத்துக் குடுக்கும். கரையறது கூடும். அதாவது நடவுக்கு உழுது சேடை கலக்கி வச்ச வயலாயிடுது எலும்பு. லெட்ரோசோலும் ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பளை ஹார்மோன ஒட்ட எடுத்துடறதால எலும்ப மெலிய வைக்கும். அதுக்காக அந்த மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டர் மாத்தினா மாத்திக்குங்க.

டிரிப்ப ஏன் தள்ளிப் போட்டாருங்கறது இதுலயே இருக்கு. அது சோலட்ரோனிக் ஆசிட்டாத்தான் இருக்கும். 4 மில்லிகிராம், கால் மணி நேரத்துக்குக் கொறையாம ஏத்துவாங்க. அந்தக் கரைக்கிற செல்ல அது அடக்கிடும். அடக்கினா எலும்புலேருந்து ரத்தத்துக்கு வர்ற கால்சியம் நின்னு போகும். டி-யும் இல்லாம, குடல்லேருந்தும் வராம இருந்தா ரத்தத்துல கால்சியம் சட்டுனு எறங்கும். உதட்டச் சுத்தி மதமதன்னு இருக்கும், விரல் கோணிக்கிட்டு இழுக்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். 9.4-ஓட அந்த டிரிப்பப் போடாம நிறுத்தினவரு விவரமான டாக்டர். நீங்க அவர நம்பலாம். தோலுக்கடியில போடற டெனோசுமாப் ஊசின்னு இன்னொண்ணு இருக்கு, அதுக்கும் இதே கதைதான், சொல்லப்போனா அதுல கால்சியம் எறங்கற ஆபத்து இன்னும் கூட.

பல் டாக்டர் எதுக்குன்னா, இந்த மருந்து போட்ட பிறகு பல்லப் புடுங்கினா சிலருக்குத் தாடை எலும்பு ஆறாம வெளிய தெரிய ஆரம்பிச்சிடும். சொத்தை, ஆடற பல், வேர்த்துண்டு எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து, ஈறு ஆறின பிறகுதான் டிரிப். எனக்கு ஒரு கடவாய்ப்பல் போச்சு. அம்மாவுக்கு வெத்தில பாக்குப் பழக்கம் இருந்தா அதையும் விடச் சொல்லுங்க.

முதல் டிரிப் போட்ட அன்னிக்கு ராத்திரி காய்ச்சலும், அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலியும் வரலாம். எனக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. பயப்படாதீங்க, அடுத்தடுத்த தடவை அவ்வளவு வராது. ஒவ்வொரு தடவையும் முன்னாடி கிரியேட்டினின் பாக்காம போட விடாதீங்க, கிட்னிக்காக. தண்ணி நல்லாக் குடிக்கணும். எனக்கு மொதல்ல மாசாமாசம் போட்டாங்க. 2017-ல வந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு 12 வாரத்துக்கு ஒரு தடவை போட்டாலே போதும்னு பல டாக்டர்கள் மாத்திக்கிட்டாங்க. இப்ப எனக்கும் அப்படித்தான். குடவாசல்லேருந்து மாசாமாசம் பஸ்ஸேறிப் போறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியும்.

வலி அடங்கலைன்னா எலும்புக்குக் கரண்ட் வைக்கறதப் பத்திக் கேளுங்க. நெறைய பேருக்கு ஒரே ஒரு தடவை வச்சாப் போதும். வலியப் பொறுத்துக்கிட்டுக் கிடக்கறதுல எந்தப் புண்ணியமும் இல்ல.

இன்னும் ரெண்டு விஷயம், இத மட்டும் வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. கால் திடீர்னு தொய்யுது, இடுப்புக்குக் கீழ மரத்துப்போகுது, மூத்திரம் வரல, இல்ல தெரியாமப் போயிடுதுன்னா அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்கற அறிகுறி. விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, அந்த ராத்திரியே வண்டி பிடிக்கணும். ரெண்டாவது, அடங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி, எப்பவும் தூக்கம், பேச்சுக் குழறல். மருந்துக்கடைத் தம்பி சொன்ன அதே குறிதான். டி கூடினாலும் வரும், எலும்புலேருந்து புத்து கால்சியத்த இறைச்சாலும் வரும். சித்திரை வெயில் உடம்புச் சூடுன்னு நெனச்சு இளநி வெட்டிக் குடுத்துட்டு உக்காந்திருப்பாங்க நம்ம ஆளுங்க. உடனே கூட்டிட்டுப் போயி கால்சியம் பாக்கச் சொல்லணும். டி ஏத்தறப்பவும் அதனாலதான் நடுநடுவுல கால்சியம் பாக்கறது.

முப்பது வருஷ வெயில் எங்க போச்சுன்னு கேட்டீங்க. டி அப்படிச் சேத்து வைக்கிற சொத்து இல்ல. ரத்தத்துல இருக்கறது ரெண்டு மூணு வாரத்துலயே பாதியாயிடும். கொழுப்புல தங்கறதும் சில மாசத்துக்குத்தான். நாலு வருஷம் கூடத்துல இருந்தா யாருக்கும் எறங்கும். கருத்த தோலுக்கு வெயிலும் கூடுதல் நேரம் வேணும். காலையில ஆறரை மணி வெயில் இதமா இருக்கும், ஆனா டி-யத் தயாரிக்கிற கதிர் அதுல இல்ல. நம்ம நிழல் நம்ம உயரத்தவிடக் குட்டையா விழற நேரம்தான் வேணும், பத்தரை பதினொண்ணுக்கு மேல. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்தா பிரயோஜனமில்ல. இருபது நிமிஷம், முகம், ஒரு கை, கால் படற மாதிரி. ஆபரேஷன் பண்ணின பக்கத்துக் கையையும், கரண்ட் வச்ச இடத்தையும் மூடிடுங்க. ஆனா 9.4-அ வெயில்ல மட்டும் ஏத்திட முடியாது, பாக்கெட் வேணும். சாப்பாட்டுல மத்தி மீன், முட்டை மஞ்சக்கருல கொஞ்சம் டி உண்டு, அது ஒத்தாசைக்குத்தான். கால்சியத்துக்குக் கேழ்வரகுக் கூழ், மோர், முருங்கைக்கீரை. குடத்தத் தூக்க விடாதீங்க.


ஆய்வு மாணவி தஞ்சை எழுதியது:

குடவாசல் அக்கா எழுதியதற்குப் பிறகு சேர்க்க அதிகமில்லை. நான் மருத்துவர் இல்லை, உயிர்வேதியியல் படிப்பவள். "டி போட்டால் பரவாது" என்று வாட்சப்பில் சுற்றும் செய்திகள் எந்த ஆய்வுகளிலிருந்து கிளம்புகின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

2009-ல் டொராண்டோவில் மார்பகப் புற்று வந்த 512 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. நோய் கண்டறிந்தபோது டி மிகக் குறைவாக இருந்தவர்களுக்குப் பிற்பாடு வேறு உறுப்புகளுக்குப் பரவியது அதிகமாக இருந்தது. ஆனால் உடல் பருமன் உள்ளவர்களுக்கும், வெளியே நடமாட முடியாதவர்களுக்கும் டி குறைவாகவே இருக்கும். எது காரணம், எது அடையாளம் என்று இத்தகைய ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 2010-ல் சிட்னியிலிருந்து ஓர் எலி ஆய்வு வந்தது. டி இல்லாத உணவு தின்ற எலிகளின் காலெலும்பில் மனித மார்பகப் புற்றுச் செல்லைச் செலுத்தியபோது, அது வேகமாக வளர்ந்து எலும்பையும் அதிகம் அரித்தது. குடவாசல் அக்கா சொன்ன சேடை கலக்கிய வயல் இதுதான். அதே குழு 2007-ல், கால்சியம் குறைந்த எலிகளில் எலும்பு கரைவதைத் தடுத்தபோது கட்டியின் வளர்ச்சியும் குறைவதைக் காட்டியிருந்தது. ஆனால் செல்லை எலும்புக்குள் கொண்டுபோய் வைத்தது ஆய்வாளர்கள்தான். டி குறைவு அதை அங்கே அனுப்பவில்லை.

மனிதர்களில் பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்த வைட்டல். புற்றுநோய் இல்லாத 25,871 பேர், தினம் 2,000 யூனிட் அல்லது வெற்று மாத்திரை, ஐந்து ஆண்டுக்கு மேல். புதிதாகப் புற்று வருவது குறையவில்லை. 2020-ல் அதே தரவை மறுபடி அலசியபோது, பரவிய அல்லது உயிரைப் பறித்த புற்று 17 சதவீதம் குறைந்திருந்தது. உடல் எடை சரியாக இருந்தவர்களிடம்தான் அது தெளிவாகத் தெரிந்தது. அது எல்லா வகைப் புற்றையும் சேர்த்துப் பார்த்த கணக்கு, நோய் இல்லாத நிலையிலேயே தொடங்கியவர்களின் கணக்கு. உங்கள் அம்மாவைப் போல ஏற்கெனவே எலும்பில் பரவியவர்களுக்கு அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பற்றாக்குறையை நிரப்புவது அவசியம். நிரம்பிய பிறகும் ஊற்றிக்கொண்டே இருப்பதால் பரவல் நிற்கும் என்பதற்கு ஆதாரமில்லை.

உங்கள் அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவரும் பயத்தில்தான் அப்படிச் சொல்லியிருப்பார்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்குங்க. குடவாசல் அக்கா எழுதினத மூணு தடவை படிச்சேன், மூணாவது தடவை அம்மாவப் பக்கத்துல வச்சுக்கிட்டு சத்தமாப் படிச்சேன். நாலு வருஷமா அவங்ககிட்ட நாங்க எதையும் முழுசாச் சொன்னதில்ல. எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்தப் பொண்ணு தனியாவே இட்லி ஊத்துதாமா"ன்னு மட்டும் கேட்டாங்க.

பல் டாக்டர் ரெண்டு வேர்த்துண்ட எடுத்திருக்காரு. ஈறு முழுசா ஆறிடுச்சுன்னு அவரு எழுதிக் குடுத்த பிறகு டிரிப் தேதி வாங்கணும். வெத்திலப் பெட்டிய அம்மாவே எடுத்து என் வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டாங்க. திருச்சியில கரண்ட் ஒரே தடவை வைக்கறதுக்கு வர்ற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய எடுத்து வச்சிருக்கேன்.

எங்க அக்காவுக்கு லிங்க் அனுப்பினேன். பதில் ஒண்ணும் போடல. சனிக்கிழமை பஸ்ல வந்து எறங்கினா, கையில ஒரு பை கேழ்வரகு மாவு. பதினொரு மணிக்கு அம்மாவ வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சு, இடது கையில துண்டப் போத்திவிட்டு, பக்கத்துலயே உக்காந்து வெங்காயம் உரிச்சா. அம்மா எதுத்தாப்புல இருக்கற வயலப் பாத்து, நாத்து இன்னும் பறிக்கலையேன்னு கேட்டாங்க.

சித்தப்பாகிட்ட மருந்துக்கடைக்காரர் எழுதினதக் காட்டினேன். நாள்காட்டியில ஞாயித்துக்கிழமையெல்லாம் சிவப்பு மையில அவரே வட்டம் போட்டுக் குடுத்தாரு. நாளைக்கு மூணாவது பாக்கெட்.